நேர்ந்துவிட்ட சேவல் முட்டையிட்டது

அன்பு மகனுக்கு,

போன கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, நேர்ந்துவிட்ட சேவல் கோவில் வாசலில் முட்டையிட்ட கதையை மருமகள் சுதா உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, கட்டாரில் இருந்து நீ சிரித்த சிரிப்பு எனக்குக் குசினி வரைக்கும் கேட்டது. "அப்பாட்டக் குடு, அப்பாட்டக் குடு" என்று அவளிடம் சொல்லி என்னையும் கூப்பிட்டாய். "என்னப்பா, குஞ்சிலயே சாவல் எது பெட்டை எது எண்டு சொல்ல அன்புவழிபுரத்தில உங்களை விட்டா ஆளில்லை எண்டுவீங்கள். இப்ப உங்கட சாவல் முட்டை போடுதாம்?" என்று கேட்டாய். "வயசு போச்சு மகன்" என்று நானும் சிரித்தேன். நீ இன்னும் சிரித்தாய். சுதா சிரித்தாள். என்ன ஏது என்று விளங்காமலே உன் மகள் தர்ஷியும் சிரித்தாள்; ஐந்து வயதுப் பிள்ளை, ஆட்கள் சிரித்தால் சிரிக்கும். அன்று இந்த வீட்டில் பொய்யாகச் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகன். முப்பது வருஷம் மூதூர் லோஞ்சு ஓட்டியவன், மாரிக்காலத்துக் கொட்டியாரக்குடாவில் அலை ஏறி அடித்தபோதும் சுக்கானை விடாதவன் என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். இப்போது எங்கள் வீட்டுக் கேற்றைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கக் கால் கூசுகிறது. என் கண் போய்க்கொண்டிருக்கிறது. அது என்னோடு போனால் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அது உனக்கும் வரக்கூடியது என்று டொக்டர் சொல்லிவிட்டார், இனி வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது. தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன், இரண்டு தரம். உன் குரல் கொஞ்சம் மாறினால் போதும், ஏதாவது பகிடி விட்டுத் தப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் தர்ஷியின் பழைய கொப்பியில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வருமோ தெரியாது, சுதாவைத்தான் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் பொறுத்துக்கொண்டு வாசி.

போன மாரியில் தர்ஷிக்கு டெங்கு வந்தது உனக்குத் தெரியும். நாலாம் நாள் எப்படி இருந்தாள் என்பது தெரியாது. அங்கே இருந்துகொண்டு அவர் என்ன செய்வார், சொல்ல வேண்டாம் மாமா என்று சுதா மறித்துவிட்டாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். நான் வார்டுக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மனிடம் கேட்டேன். பிள்ளையைத் தா, என் வளவில் என் கோழி பொரித்த குஞ்சில் குறையில்லாத ஒரு சேவலை உயிரோடு கொண்டுவந்து உன் வாசலில் விடுகிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் அந்த நேர்த்திக்குச் சந்தையில் வாங்கிய சேவல் செல்லாது. சொந்த வளவில் பிறக்க வேண்டும், சின்னதிலேயே தெரிந்தெடுத்துக் காலில் சிவப்பு நூல் கட்ட வேண்டும், கட்டிய பிறகு விற்கவும் கூடாது, வெட்டவும் கூடாது, வேறொன்றை மாற்றி வைக்கவும் கூடாது. பிள்ளை எழும்பினாள். ஆறாம் நாள் பாணும் சீனியும் கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அடைக்கு முட்டை வைத்தேன்.

தை மாதம் சாம்பல் பெட்டை ஒன்பது குஞ்சோடு இறங்கியது. குஞ்சு பொரித்த அன்றே ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கூர் முட்டையில் சேவல் வரும் என்பார்கள். காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் சேவற்குஞ்சு தலையை நிமிர்த்தும் என்பார்கள். எல்லாம் விசர்க்கதை. ஊர்க்கோழிக் குஞ்சில் ஐந்து ஆறு கிழமை போகாமல் ஒன்றும் சொல்ல ஏலாது. அதற்குப் பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று உனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் திரும்பக் கேள், இனி நீங்கள்தான் பார்க்க வேண்டிவரும். சேவலாக வரப்போகும் குஞ்சின் கொண்டை அகன்று சிவப்பு ஏறும். பெட்டையின் கொண்டை சின்னதாக மஞ்சளடித்துக் கிடக்கும். சேவலுக்குக் கால் தடிக்கும். பெட்டைக்கு வால் நேரத்தோடு முளைத்துவிடும், சேவல் கொஞ்சக் காலம் மொட்டையாகத் திரியும். கையைத் தட்டினால் பெட்டை பதுங்கும், சேவல் நிமிர்ந்து நின்று யார் என்று பார்க்கும். இவ்வளவும் சில வேளை ஏமாற்றும். ஏமாற்றாதது ஒன்றுதான். மூன்று மாதம் கடந்ததும் முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் விழும் இறகைப் பார். சேவலுக்கு அது ஒடுங்கி, நீண்டு, நுனி கூராக இருக்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். அதைப் பார்த்தபின் சந்தேகம் என்ற கதைக்கே இடமில்லை.

அந்த ஒன்பதில் ஒரு கறுப்புக் குஞ்சு மற்றதுகளைவிட ஒரு விரல் உயரம். தடித்த கால். கை தட்டினேன், நிமிர்ந்து நின்றது. கொண்டையைப் பார்த்தேன், சிவப்பு என்று பட்டது. பட்டது என்றுதான் இப்போது சொல்ல முடியும். நூலைக் கட்டினேன். மூன்று மாதம் போனதும் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன், இடுப்பில் கறுப்பு மினுங்கியது, போதும் என்று விட்டுவிட்டேன். நுனியைப் பார்க்கவில்லை. பார்த்தேன், தெரியவில்லை, தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்ல மனம் வரவில்லை, அதுதான் உண்மை. "மாமா, உங்கட சாவல் இன்னும் கூவேல்லையே?" என்று சுதா கேட்டாள். "பெரிய சாவல் வளவில நிக்கேக்க சின்னது கூவாது பிள்ளை, பயம்" என்றேன். அதே பொரிப்பில் பெட்டை என்று சொல்லி ஐந்து குஞ்சு என்னோடு லோஞ்சில் வேலை செய்த நசீருக்குக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் அவன் கிண்ணியாவில் இருந்து வந்து கேற்றில் நின்றபடியே, "மச்சான், பெட்ட எண்டு அஞ்சு தந்தீங்க. நாலு கூவுது. விடியக்குள்ள தெருவே எழும்புது" என்றான். "உன்ர தீன் அப்பிடி" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். அவன் தேத்தண்ணீர் குடிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ விளங்கியிருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தீபாவளிக்கு முதல் நாள். நான் வேலைக்குப் போகும்போது, செங்கறுப்புச் சேவலைப் பிடித்து வெட்டுகிறவரிடம் கொடு என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். நீ முட்டையிடுகிற சிவப்புப் பெட்டையைப் பிடித்துக் கொடுத்துவிட்டாய். அம்மா துப்புரவாக்கும்போது உள்ளே கொத்துக்கொத்தாய் மஞ்சட்கரு. நான் பின்னேரம் வந்து அதைக் கண்டதும் உன்னை அறைந்தேன். ஒரு அறை இல்லை. "சாவலுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்ர பிள்ளையோ?" என்று கத்தினேன். அம்மா குறுக்கே வந்து, "பிள்ளைக்குக் கண் தெரியேல்லை போல கிடக்கு. பள்ளிக்கூடத்திலயும் கரும்பலகையைப் பாத்துப் பிழை பிழையா எழுதுறான் எண்டு ரீச்சர் சொன்னவ" என்றாள். நான் அவளிலும் பாய்ந்தேன். என் பிள்ளைக்குக் கண்ணில் குறையா, என் கண் என்ன கண் என்று. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் உன்னைக் கண் காட்ட விடவில்லை. அம்மாதான் எனக்குச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கித் தந்தாள். நீ கண்ணாடியோடு வளவுக்குள் வந்து மாமரத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மா, இலை இலையாத் தெரியுது" என்றாய். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து உன்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா செத்து நாலு வருஷம், அவளிடமும் சொல்லவில்லை. அன்று உன்னில் பிழை இல்லை மகன். இருபத்திரண்டு வருஷம் பிந்திச் சொல்கிறேன். இப்போது அதே பிழையை நான் விட்டிருக்கிறேன், என்னை அறைய யாரும் இல்லை.

கோழியோடு நின்றிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். சுதா வேலைக்கு நேரத்தோடு போக வேண்டும் என்பதால் தர்ஷியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவது என் வேலை. இரண்டு மாதத்துக்கு முதல் ஒரு காலை, கடற்கரைப் பக்கம் திரும்பும் சந்தியில் மான் குறுக்கே பாய்ந்து நான் சடாரென்று பிரேக் பிடித்ததாகவும், சில்லு வழுக்கி மட்காட் நெளிந்ததாகவும் உனக்குச் சொன்னேன். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மான்கள் மாடுகள் மாதிரித்தான் வீதியில் நிற்கின்றன. நீயும், "கவனமப்பா, அதுகள் இப்பிடித்தான்" என்றாய்.

மான் வரவில்லை மகன். இடது பக்கம் பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் வந்தது. பதினாலு பதினைந்து வயது இருக்கும். வெட்ட வெளி, நல்ல வெயில், பட்டப்பகல். நான் அந்தப் பிள்ளையைக் காணவே இல்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அது கீழே கிடந்தது, முழங்கால் தேய்ந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம். தர்ஷி எனக்கு முன்னால் டாங்கியில் இருந்தாள், என் கை அவள் மேல் இருந்தது, அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை எழும்பி, "பரவாயில்லை ஐயா, எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லி நெளிந்த ஹாண்டிலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது. பேர் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் அந்தச் சந்தியில் நின்று பார்த்தேன், சீருடை தெரிகிறது, முகம் பிடிபடவில்லை. ஒரு கை நீளம் இந்தப் பக்கம் பட்டிருந்தால், பின்னால் ஒரு நெல் டிராக்டர் வந்திருந்தால் என்று இரவில் எழும்பி இருந்து நினைக்கிறேன். அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். பள்ளிக்கூட வாசலில் தர்ஷியை இறக்கிவிட்டு, "அம்மாட்ட மான் வந்தது எண்டு சொல்லுவம் என்ன?" என்றேன். அவள் தலையாட்டினாள். அன்று பின்னேரம் சுதா கேட்டபோது, மானுக்குக் கொம்பு இருந்தது, தன்னைத் திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் சொன்னாள். நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் அவளை ஏற்றி ஓடினேன். ஏதோ பிழை என்று தெரியும், என்ன பிழை என்று தெரிந்துவிடக்கூடாது என்று இருந்தேன். அவளை ஏற்றிக்கொண்டு போகிற அந்தக் கால்மணி நேரம்தான் எனக்கு மிஞ்சியிருந்த வேலை, அதையும் விட்டால் நான் வீட்டில் எதற்கு என்று பயம்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள் சேவலை வைத்து, சுதாவும் தர்ஷியும் நானும் ஓட்டோவில் கோவிலுக்குப் போனோம். அங்கே நேர்த்திச் சேவல்களை வாங்கி விடுகிறவர் என் வயதுக்காரர். பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். பெட்டிக்குள் ஒரு முட்டை கிடந்தது. "ஐயா, உங்கட சாவல் முட்டையும் சேத்துக் கொண்டுவந்திருக்கு" என்றார். வரிசையில் நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "பிழையில்லை ஐயா. கொண்டு போங்கோ. சாவல் வரேக்க கொண்டாங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். நான் முட்டையைக் கையில் எடுத்தேன், சூடு ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தச் சைக்கிள் பிள்ளையின் முழங்கால்தான் கண்ணுக்குள் வந்தது. ஆறு மாதம் தினமும் தீன் போட்டு, தினமும் பார்த்து, சேவல் என்று நம்பியிருக்கிறேன் என்றால் வீதியில் எதையெல்லாம் பார்க்காமல் பார்த்ததாக நம்பியிருப்பேன்? அம்மன் கோபத்தில் செய்தாளோ, இரங்கிக் காட்டித் தந்தாளோ எனக்குத் தெரியாது. சுதா பகிடியென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோழியை, இனி அது கறுப்பிதான், மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இடுப்பு இறகை விரலால் தடவிப் பார்த்தேன். வட்டம். ஒவ்வொன்றும் வட்டம். ஒரு நிமிஷம் எடுக்கவில்லை. இந்த விரல்கள் எப்போதும் என்னிடம் இருந்தன, நான்தான் கேட்கவில்லை. அன்றே மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றி எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை சுதாவுக்கு முன்னால் பத்துத் தரம் உதைத்துக் காட்டி, ஸ்டார்ட் வருகுதில்லை பிள்ளை என்றேன். அன்றிலிருந்து அவள்தான் தன் ஸ்கூட்டரில் பிள்ளையை விட்டுவிட்டு அரக்கப்பரக்க வேலைக்கு ஓடுகிறாள். பொய்க்கு மேல் பொய்.

செவ்வாய்க்கிழமை கோழித்தீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண் கிளினிக்குக்குப் போனேன். ஒரு கருவிக்குள் முகத்தை நுழைத்து நாடியை வைக்கச் சொல்லிக் கையில் ஒரு பட்டனைத் தந்தார்கள். நடுப்புள்ளியையே பாருங்கோ, சுற்றிவர எங்காவது வெளிச்சம் கண்டால் அமத்துங்கோ என்றார் நேர்ஸ். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றிரண்டு தரம் அமத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கன நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, மிஷின் நிண்டுபோச்சோ?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, ஓடிக்கொண்டுதான் இருக்கு" என்றார் அந்தப் பிள்ளை. மகன், கடலில் கூட எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை. வெளிச்சங்கள் வந்து வந்து போயிருக்கின்றன, எனக்கு முன்னால், நான் மிஷின் நின்றுவிட்டது என்று இருந்திருக்கிறேன். கண்ணில் படலமும் இருக்கிறது, அதை வெட்டி எடுக்கலாம், நிறம் திரும்பத் தெரியும் என்றார் டொக்டர். மற்றது கண்ணின் அமுக்கம், கண்ணுக்குள் ஏறுகிற பிறஷர். அது சத்தமில்லாமல் ஓரத்தில் இருந்து தின்றுகொண்டு வருமாம். நோகாது. இடது கண்ணில் பெரும்பாலும் போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சம். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். எழும்பி வரும்போது, "ஐயா, பிள்ளைகள் இருக்கினமோ? அவைக்கும் அமுக்கம் பாக்க வேணும். இது குடும்பத்தில வாறது" என்றார்.

ஆகவே நான் இதுவரை உனக்குச் சொன்ன எல்லாப் புத்திமதியையும் மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் கேள். இந்தக் கிழமையே போய்க் கண் அமுக்கத்தைப் பார். கண்ணாடிக் கடைச் சோதனை இல்லை, டொக்டரிடம். நீ லொறி ஓட்டுகிறவன். ஏதாவது இருந்தால் லைசென்ஸ் போகும், வேலை போகும் என்று உனக்கும் வரும் அந்தப் பயம், நீ என் பிள்ளை. நல்லாத்தானே தெரிகிறது, லீவில் ஊருக்கு வரும்போது பார்ப்போம் என்று நீயே உனக்குச் சொல்வாய். எனக்கும் நல்லாத்தான் தெரிந்தது. கறுப்பியும் எனக்குச் சேவலாகத்தான் தெரிந்தது. வேலை போனால் வா, வளவு இருக்கிறது, ஏதாவது செய்வோம். நீயும் ஒரு பெட்டிக்குள் நாடியை வைத்துக்கொண்டு மிஷின் நின்றுவிட்டதா என்று கேட்கிற நாளை என்னால் தாங்க ஏலாது. பார்த்துவிட்டு எனக்குச் சொல். நல்லதோ கெட்டதோ உள்ளபடி சொல், என்னை மாதிரிப் பகிடி விட்டுத் தப்பாதே.

நேற்றுப் பின்னேரம் முதலில் தர்ஷியிடம் சொன்னேன். கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். "அப்பப்பா பொய் சொன்னனான். மான் வரேல்லை. அந்தச் சைக்கிள் அக்காவை நான் காணேல்லை. எனக்குக் கண் சரியாத் தெரியுதில்லை" என்றேன். அவள் தவிட்டில் விரலால் ஒரு கோடு கீறினாள். பிறகு, "அந்த அக்காவுக்கு ரத்தம் வந்தது அப்பப்பா" என்றாள். இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்ப இனி நான் மான் கதை சொல்லத் தேவையில்லையோ?" என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். எழும்பி ஓடிப்போய்விட்டாள்.

அவளிடம் சொல்லலாம். உனக்கு எழுதலாம். சுதாவின் முகத்தைப் பார்த்து, உங்கட பிள்ளையை நான் இரண்டு மாதம் கண் தெரியாமல் வீதியில் கொண்டு திரிந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, என்னைத்தான் தகப்பன் என்று நம்பி, "மாமா இருக்கிறார்தானே" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனவள். அதனால்தான் மகன் இது கடிதம். இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து உனக்கு அனுப்பப்போவது அவள்தான், நீ வாசிக்க முதல் அவள் வாசிப்பாள். அது தெரிந்துதான் எழுதினேன்.

சுதா, பிள்ளை, தர்ஷியில் கோபிக்க வேண்டாம், அந்தப் பொய் என்னுடையது. நாளைக்கு மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறீர்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ. பிளக்கும் சாவியும் கோழிக்கூட்டில் முட்டையிடுகிற பெட்டிக்குள் வைக்கோலுக்கு அடியில் இருக்கின்றன. கறுப்பி அதில் அடைக்கு இருக்கிறாள், கொத்துவாள், கவனம். சாவியை நீங்களே வைத்திருங்கோ, நான் கேட்டாலும் தர வேண்டாம். அம்மனுக்கு நேர்ந்தது இன்னும் பாக்கி. அந்தக் குஞ்சுகள் இறங்கியதும் சிவப்பு நூலை நீங்கள் கட்டுங்கோ, இறகு நுனியை நான் விரலால் பார்த்துச் சொல்கிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கோ. பேசாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.

கேற் திறக்கிற சத்தம் கேட்கிறது மகன். கோழிகள் சிறகடித்து ஓடுகின்றன. ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு ஒரு உருவம் வருகிறது, சுதாதான் என்று நினைக்கிறேன். முகம் தெரிய இன்னும் நாலு எட்டு வைக்க வேண்டும்.

பயந்துபோய் இருக்கும்
உன் அப்பா